ஐந்தாம் கண்ணின் மூன்றாவது சென்சார்

எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார். ஊர்ப் பஞ்சாயத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்து எழுந்தவர். மூணு பேரை விசாரிக்கிறப்ப ரெண்டு பேர் ஒரே மாதிரி சொன்னா, அந்த மூணாவது ஆளை... அதற்கு மேல் எனக்கு நினைவில்லை. வெளியே அனுப்பு என்பாரா, இன்னொரு தடவை கூப்பிட்டுக் கேள் என்பாரா. இரண்டில் ஏதோ ஒன்று. வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பேசுவார், பேச்சின் வால் பாதி வாய்க்குள்ளேயே போய்விடும். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி யாரைக் கேட்பது.

அது கிடக்கட்டும். வல்லாங்குடி பஸ் ஸ்டாண்டில் ஏறியதிலிருந்து நீங்கள் ஒருத்தனைத் திட்டிக்கொண்டு வருகிறீர்களே, பாலத்தை மூடினவன் கருமாதிக்கு இலை கேட்டு வந்தால்கூட ஒரு நறுக்கு தரமாட்டேன் என்று, அந்த ஆள் நான்தான்.

முறைக்காதீர்கள் அண்ணே. கண்டக்டரிடமும் சொல்லிவிடாதீர்கள், அவரும் காலையிலிருந்து இதே பாட்டைத்தான் பாடுகிறார். நடுவழியில் இறக்கிவிட்டால் எனக்குக் கஷ்டம். பதினொரு மணிக்கு நான் மேலப்பாதூரில் ஒரு விசாரணையில் இருந்தாக வேண்டும்.

பாலத்தில் போனால் பன்னிரண்டு நிமிஷம். இப்படி அணைக்கட்டைச் சுற்றிப் போனால் ஒன்றே முக்கால் மணி நேரம். உங்கள் வாழையிலைக்கட்டு பஸ்ஸுக்கு மேலே வெயிலில் வாடுகிறது, முகூர்த்தத்துக்குப் போய்ச் சேருமா என்று உங்களுக்கு வயிற்றெரிச்சல். எல்லாம் தெரிகிறது. அதனால்தான் சொல்கிறேன். கேட்டுவிட்டு, யாரைத் திட்டுவது என்று அப்புறம் முடிவுசெய்யுங்கள். நீங்கள் திட்ட வேண்டிய ஆள் வேறு. பெயர் சவரிநாதன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது என் மாமியாருக்கே இன்னும் விளங்கவில்லை. பாலத்துக்கு நாடி பார்க்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் புதுப்பாலம் இருக்கிறதே, முப்பத்தொரு வயசாகியும் புதுப்பாலம் என்றே நீங்களெல்லாம் கூப்பிடுகிற பாலம், அதற்குத் தூணுக்கும் தூணுக்கும் நடுவே பதினொரு கண். கண்ணுக்கு நான்கு என்று நாற்பத்து நான்கு சென்சார் ஒட்டியிருக்கிறோம். ஒவ்வொன்றும் நிமிஷத்துக்கு ஒரு எண் அனுப்பும். கான்கிரீட் எவ்வளவு இழுபடுகிறது, எவ்வளவு அமுங்குகிறது என்று. அந்த எண்கள் திருச்சியில் என் மேஜைக்கு வரும்.

வருகிற எண்ணில் பாதி குப்பை. இதை யாரும் வெளியே சொல்வதில்லை, நான் சொல்கிறேன். நார்வேயில் பத்தொன்பது வருஷம் இதே வேலை பார்த்தவன் நான். அங்கே சென்சாரைக் கட்டிவிட்டு வந்தால் அடுத்த பனிக்காலம் வரை யாரும் தொடமாட்டார்கள். இங்கே? ஒயர்மேல் மீன்வலை காயப்போடுகிறான். பெட்டிக்குள் பல்லி முட்டையிடுகிறது. ஆடு வந்து முதுகு சொறிகிறது. இடி இடித்தால் எண் எகிறுகிறது, கரண்ட் போனால் எண்ணே இல்லை. இந்தக் குப்பையைக் கழித்து, விட்டுப்போன இடத்தை நிரப்பி, சுத்தமான எண்ணாக நெடுஞ்சாலைக்காரர்களுக்கு மாதாமாதம் அனுப்ப வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவது போல என்று எங்கள் முதலாளி நாச்சியப்பன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவருக்கு என்ன, கல் கல்லாகத் தெரியும். இதில் கல்லும் அரிசியும் ஒரே நிறம்.

அதற்காகத்தான் என்னை வரவழைத்தார். நான்கு வருஷம் ஆகிறது. எனக்கு முன்னால் அந்த ஆபீஸில் நான்கு பேர் உட்கார்ந்து கண்ணால் பார்த்துப் பார்த்து எண்களை நீக்கிக்கொண்டிருந்தார்கள். நான் வந்து அதை மிஷினுக்குச் சொல்லிக்கொடுத்தேன். விதி ரொம்ப எளிது. ஒரு கண்ணில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற மூன்று சென்சாரை எடுத்துக்கொள். இரண்டு ஒத்துப்போய், மூன்றாவது மட்டும் தனியாக இழுத்தால், மூன்றாவது பழுது. நீக்கு. நீக்கிய இடத்தில் மற்ற இரண்டின் சராசரியைப் போடு. அவ்வளவுதான். நான்கு பேர் வேலையை மிஷின் நான்கு நிமிஷத்தில் முடித்தது. அந்த நான்கு பேர் என்ன ஆனார்கள் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு எண் நல்ல எண்ணாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம். செத்துப்போன சென்சார் திரையில் சிவப்பாகத் தெரியும், நல்லது பச்சை. எனக்குச் சிவப்பு பிடிக்காது. திங்கட்கிழமை பத்து மணிக்கு எல்லாக் களப் பணியாளர்களையும் ஃபோனில் கூப்பிடுவேன். யார் பாலத்தில் சிவப்போ அவன் பெயரைச் சொல்லிக் கேட்பேன். மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கேட்கட்டும் என்றுதான்.

புதுப்பாலத்துக்குச் சவரிநாதன். முப்பத்தெட்டு, நாற்பது வயசு இருக்கும். ஐ.டி.ஐ. படிப்பு. பாலத்தின் கீழே ஷெட்டில்தான் இருப்பான். ஒரு கேள்விக்கு நேராகப் பதில் வராது அவனிடம். "ஒன்பதாம் கண்ணுல ஏன் சிவப்பு?" என்றால், "நேத்து கெழக்கால காத்து சார்," என்று ஆரம்பிப்பான். காற்றைப் பற்றி யார் கேட்டது? "சவரி, எனக்குக் கதை வேணாம், எண் வேணும்," என்பேன். மற்றவர்கள் சிரிப்பது ஃபோனில் கேட்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான். அது எனக்கு இன்னும் எரிச்சல்.

போன ஆடியில் ஐந்தாம் கண்ணில் இரண்டாவது சென்சார் செத்தது. ஐந்தாம் கண்ணை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தூணுக்குத் தூண் மூன்று நீளக் கான்கிரீட் உத்தரம் இருக்கிறது, கர்டர் என்பார்கள். கர்டருக்கு ஒரு சென்சார், ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது வெயில் அளக்க, அதை விடுங்கள். நடுவில் இருந்த இரண்டாவதுதான் செத்தது. மாற்ற வேண்டுமென்றால் ஆற்றில் படகு விட்டு, கீழிருந்து சாரம் கட்டி ஏற வேண்டும். ஆடியில் ஆற்றில் தண்ணீர். சவரி படகு கேட்டு எழுதினான். நான், தண்ணீர் வடியட்டும் என்றேன். அதுவரை இரண்டாவதன் இடத்தில் ஒன்றாவதன் எண்ணையே போட்டு நிரப்பினேன். பதினோரு நாள். இதில் தப்பே இல்லை. உலகம் முழுக்கச் செய்கிறார்கள். அடுத்தடுத்த கர்டர், ஒரே வெயில், ஒரே லாரி.

அதைத் திங்கட்கிழமை ஃபோனில் எல்லோருக்கும் விளக்கமாகவே சொன்னேன். கற்றுக்கொள்ளட்டுமே என்று.

"அப்ப ஒண்ணையே ரெண்டுன்னு வெச்சுக்கலாமா சார்?" என்றான் சவரி.

"வெச்சுக்கலாம். தற்காலிகமா. ஆனா எத்தனை நாளைக்கு நான் உனக்காக உக்காந்து நிரப்பிக்கிட்டிருப்பேன்? எனக்கு வேற வேலை இல்லையா? அடுத்த திங்கக்கிழமை அது பச்சையா இருக்கணும். எப்படிப் பண்ணுவியோ தெரியாது."

"படகு வந்தா பண்ணிரலாம் சார்."

"படகு பத்தி நான் கேக்கல."

அடுத்த திங்கட்கிழமை பச்சையாக இருந்தது. நான் அன்றைக்கு அவனை எல்லோர் முன்னாலும் பாராட்டினேன் தெரியுமா? நான்கு வருஷத்தில் ஒரே ஒரு தடவை. பாருங்கள், சவரிக்கே முடிகிறதென்றால் உங்களுக்கு என்ன கேடு என்று மற்றவர்களைக் கேட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. வெட்கம் என்று நினைத்தேன். அதட்டினால்தான் இந்த ஊரில் வேலை நடக்கும் என்று அன்றைக்கு என் மனைவியிடம்கூடச் சொன்னேன். படகு கேட்டு அவன் எழுதியிருந்த கடிதத்தை, தேவை தீர்ந்தது என்று குறித்து முடித்துவிட்டேன்.

இப்போது ஐப்பசிக்கு வாருங்கள். ஐந்தாம் கண்ணில் மூன்றாவது சென்சார் மெதுவாக இழுக்க ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஒரு இழை, அடுத்த நாளைக்கு இன்னொரு இழை. ஒன்றும் இரண்டும் அமைதியாக இருக்கின்றன, ஒரே சீராக, அண்ணன் தம்பி மாதிரி. மூன்று மட்டும் தனியாகப் போகிறது. மிஷின் என்ன செய்யும்? நீக்கியது. நீங்களாக இருந்தாலும் நீக்கியிருப்பீர்கள். நானும் பார்த்தேன். பசை விட்டுப்போய்ச் சென்சார் நழுவுகிறது என்று பட்டது. பழுது, நழுவல் என்று எழுதினேன். எழுதினது நான்தான், மறைக்கவில்லை.

சவரி ஃபோன் பண்ணினான். திங்கட்கிழமை அல்ல, ஒரு புதன்கிழமை, நான் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில்.

"சார், அஞ்சாங் கண்ணுல மணல் லாரி ஏறுறப்ப ஒரு சத்தம் வருது சார். முன்னாடி இல்ல. டக்குனு ஒண்ணு, அப்பறம் ஒரு இழுப்பு."

"எந்த சென்சார்ல?"

"சென்சார்ல இல்ல சார். காதுல."

"உன் காதை நாம இன்னும் ஒயர்ல கோக்கல சவரி," என்றேன். நல்ல பதில் என்று எனக்கே சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. "மூணைக் கொஞ்சம் பாருங்க சார்," என்று வைத்துவிட்டான். நான் பார்த்தேன். பார்த்துத்தான் பழுது என்று ஏற்கெனவே எழுதியிருந்தேனே, அதையே திரும்பப் பார்த்தேன்.

ஏழு மாதம். மாதாமாதம் அறிக்கை போயிற்று. ஐந்தாம் கண் பச்சை. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. நாச்சியப்பன் எனக்கு ஒரு கருத்தரங்கில் பேச ஏற்பாடு செய்தார், என் விதியைப் பற்றி.

அந்தக் கருத்தரங்கால்தான் இவன் குட்டு உடைந்தது. வைகாசியில் நான் அதற்கு ஒரு படம் தயார் செய்தேன். ஐந்தாம் கண்ணையே எடுத்துக்கொண்டேன், அதுதான் பார்க்க அழகு. ஒன்றுக்கு நீலம், இரண்டுக்குச் சிவப்பு, நீக்கப்பட்ட மூன்றுக்குச் சாம்பல். அச்சடித்தால் நீலக் கோடு வரவில்லை. பிரிண்டரில் நீல மை தீர்ந்துவிட்டது என்று புது மை போட்டேன். வரவில்லை. நீலத்தைப் பச்சையாக மாற்றினேன். பச்சை வரவில்லை. பிரிண்டர்க்காரனை ஃபோனில் கூப்பிட்டுக் கத்தினேன். அவன், சிவப்பை எடுத்துட்டு அடிச்சுப் பாருங்க சார் என்றான். எடுத்தேன். பச்சை வந்தது.

சிவப்பு அதன்மேலேயே உட்கார்ந்திருந்தது. துளி விலகாமல்.

அண்ணே, ஒரே தாய் வயிற்று இரட்டைப் பிள்ளைகூட ஒரே நொடியில் தும்மாது. இரண்டு சென்சார் ஒரே கர்டரில் ஒட்டினால்கூட ஆளுக்கொரு நடுக்கம் இருக்கும். ஒன்றிலிருந்து இரண்டைக் கழித்தேன். பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். எப்போதாவது கடைசி இலக்கத்தில் ஒரு ஒன்று. ஆடிக் கடைசியிலிருந்து அன்றுவரை அப்படியே. இதைக் கண்டுபிடித்தது யார்? நான். யாரும் சொல்லவில்லை, நானே கண்டுபிடித்தேன். இதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

உடனே கார் எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன். நான்கு வருஷத்தில் அது மூன்றாவது தடவை. எனக்குப் பாலத்தைப் பார்க்கப் பாலத்துக்குப் போக வேண்டியதில்லை. சவரி ஷெட்டு வாசலில் உட்கார்ந்து தூக்குவாளி கழுவிக்கொண்டிருந்தான். பெட்டியைத் திற என்றேன். திறந்தான். ஒன்றாம் நம்பர் முனையிலிருந்து இரண்டாம் நம்பர் முனைக்கு ஒரு சின்ன ஒயர். மஞ்சள் ஒயர். எவ்வளவு சுத்தமாகப் போட்டிருந்தான் தெரியுமா, முனை இரண்டையும் அழுத்தி, டேப் சுற்றி, மேலே தேதி வேறு எழுதி ஒட்டியிருந்தான். திருடுகிறவன் தேதி போடுவானா? போட்டிருந்தான்.

"இது என்ன?"

"ஒயர் சார்."

"ஒயர்னு தெரியுது. எதுக்கு?"

"ரெண்டு செத்துப் போயிருந்திச்சு சார். ஒண்ணுலேர்ந்து குடுத்தேன். படகு வந்தா கழட்டிரலாம்னுதான். பச்சை வந்திருச்சுன்னு நீங்க படகு வேணாம்னுட்டீங்க."

"யாரைக் கேட்டுக் குடுத்த?"

அவன் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டான். அப்புறம் சொன்னான், குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நீங்க பதினோரு நாளு கீபோர்டுல குடுத்தீங்க சார். நான் ஒயர்ல குடுத்தேன்."

என்ன திமிர் பாருங்கள். நான் படித்த படிப்பு என்ன, இவன் என்ன. நான் நிரப்பினால் நிரப்பியது என்று ஒரு குறிப்பு இருக்கும். சரி, அந்தப் பதினோரு நாளுக்குக் குறிப்பு எழுத மறந்துவிட்டேன், அது வேறு. ஆனால் எனக்குத் தெரியும் அல்லவா, அது நிரப்பியது என்று. தெரிந்து செய்வதற்கும் ஏமாற்றிச் செய்வதற்கும் வித்தியாசம் இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

சொல்ல மாட்டீர்கள். சரி.

அவன் செய்த காரியத்தின் விளைவு உங்களுக்குப் புரிகிறதா? நடுக் கர்டர் சென்சார் உயிரோடு இருந்திருந்தால், மூன்றாவது கர்டர் இறங்கும்போது பாதிச் சுமை நடுக் கர்டரில் ஏறியிருக்கும், இரண்டும் சேர்ந்து இழுத்திருக்கும். அப்போது இரண்டும் மூன்றும் ஒரு பக்கம், ஒன்று தனி. மிஷின் ஒன்றை நீக்கியிருக்கும், மற்ற இரண்டின் இழுப்பைப் பார்த்து நான் எழுந்து உட்கார்ந்திருப்பேன். இவன் ஒன்றையே இரண்டு முறை பேசவைத்தான். இரண்டுக்கு ஒன்று. உண்மை சொன்னவனைக் கள்ள ஓட்டுப் போட்டுத் தோற்கடித்துவிட்டான்.

ஆமாம். உண்மைதான். மூன்றாவது சொன்னது உண்மைதான். அதைத்தானே கேட்டீர்கள்? முதலிலிருந்தே அதைக் கேட்கத்தான் காத்துக்கொண்டிருந்தீர்கள்.

அன்றைக்கே கீழே இறங்கிப் பார்த்தோம். சவரி முன்னால், நான் பின்னால், தூணோடு வைத்த இரும்பு ஏணியில். கர்டருக்கும் தூணுக்கும் நடுவே ஒரு ரப்பர் மெத்தை இருக்கும், பேரிங் என்பது. மூன்றாவது கர்டரின் மெத்தை பிதுங்கி, பாதி வெளியே நழுவிக் கிடந்தது. தூணின் தலை ஓரத்தில் விரிசல். என் சுண்டுவிரல் நகம் உள்ளே போயிற்று. மேலே ஒரு லாரி ஏறியது. டக் என்று ஒன்று, அப்புறம் ஒரு இழுப்பு. என் முகத்தில் சிமென்ட் தூள் விழுந்தது.

நான்தான் ஃபோன் போட்டேன். இருபது நிமிஷத்துக்குள். நான்தான் நெடுஞ்சாலை மேலதிகாரியைப் பிடித்து, மூடுங்கள், இப்போதே மூடுங்கள் என்று சொன்னேன். ஐந்தே முக்காலுக்கு இரண்டு முனையிலும் தடுப்பு போட்டாயிற்று. யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா, நல்ல வேளை ஐயா என்று? வல்லாங்குடி முழுக்க என்னைத் திட்டுகிறது. தடுப்பு வருகிறவரைக்கும் சவரி பனியனோடு நடுரோட்டில் நின்று லாரிகளை மறித்தானாம், ஒரு டிரைவர் இறங்கி வந்து கன்னத்தில் ஒன்று வைத்தானாம், இவன் நகரவில்லையாம். டீக்கடையில் அதுதான் பேச்சு. செய்த பாவத்துக்கு நின்றான். நான் நிற்கவில்லையா? நான் ஏணிக்குக் கீழே நின்று ஃபோன் பேசிக்கொண்டிருந்தேன். அதை யார் பார்த்தார்கள்.

என்ன சொன்னீர்கள்? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், என்ஜின் இரைச்சலில் விழவில்லை.

ஏழு மாதமும் நீங்கள் அதன்மேல்தான் போய்வந்தீர்கள். ஆமாம். தினமும் இரண்டு நடை. உங்கள் மகள் பிரசவத்துக்கு வந்ததும் அதன்மேல்தானா? தை மாதமா? சரி. நான் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்? நீங்கள் ஏற்றுகிற பாரத்தையும் கொஞ்சம் சொல்லுங்களேன். பத்து டன் போக வேண்டிய பாலத்தில் உங்கள் ஊர் மணல் லாரி முப்பது டன் ஏற்றிக்கொண்டு போகவில்லையா? பாலம் தானாகவா இறங்கியது? எல்லோரும் ஆளுக்கொரு கை வைத்துவிட்டுக் கடைசியில் படித்தவன் தலையில் கட்டுவது. இந்த ஊரில் எப்போதும் அதுதான்.

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டால் என்ன ஆகிவிடும். காது இந்தப் பக்கம்தானே இருக்கிறது. அணைக்கட்டு இன்னும் வரவில்லை.

அடுத்த நாளே சவரியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நான் எழுதின அறிக்கையின் பேரில்தான். மோசடி என்று எழுதினேன். ஒயரின் படமும் வைத்தேன், அவன் ஒட்டிய தேதி தெரிகிற மாதிரி. போலீசுக்கும் கொடுக்கலாம் என்று பேச்சு. நெடுஞ்சாலைக்காரர்கள், முதலில் எங்களுக்கு விசாரணை, அப்புறம் போலீஸ் என்றுவிட்டார்கள். அந்த விசாரணைதான் இன்றைக்கு.

போன வாரம் ஷெட்டு சாவியைக் கொடுக்க ஆபீசுக்கு வந்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தயாராக இருந்தேன், ஏதாவது பேசுவான், கெஞ்சுவான், இல்லை திட்டுவான், திருப்பிக் கொடுக்கலாம் என்று. சாவியை மேஜையில் வைத்தான்.

"அஞ்சாங் கண்ணு ரெண்டுக்குப் புதுசு ஒட்டுறப்ப, பழைய பசையை நல்லா சுரண்டிட்டு ஒட்டச் சொல்லுங்க சார். உப்புக் காத்து. இல்லாட்டி மறுபடி செத்துரும்."

அவ்வளவுதான். அவன் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

நேற்றுக் காலை நாச்சியப்பன் அவர் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். விசாரணை அதிகாரி கேட்டு அனுப்பியிருக்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான் என்றார். ஏழு மாதம் மூன்றாவது சென்சார் சொன்னதை நீக்கியது யார்? அந்த எண்களையெல்லாம், நீக்கியது நிரப்பியது உட்பட, ஒரு வரி விடாமல் பட்டியலாகக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வரியிலும் நீக்கியவர் என்று ஒரு கட்டம் உண்டு. மிஷின் நீக்கியதால் அதில் எல்லாம் தானியங்கி என்றுதான் விழுந்திருக்கிறது.

"அப்படியே இருக்கட்டும் பூவராகன்," என்றார் நாச்சியப்பன். பூவராகன் என்பது நான். "பொய் இல்லையே? மிஷின்தானே நீக்குச்சு. மிஷினைக் கெடுத்தது யாரு? ஒயரு. ஒயரைப் போட்டது யாரு? அவன். கோடு நேரா போயி அவன்கிட்ட நிக்குது. நீங்க நடுவுல எங்கயுமே இல்ல."

"நான் பழுதுன்னு எழுதியிருக்கேன், ஐப்பசியில."

"அது ஆபீஸ் குறிப்பு. அதை யாரு கேட்டா? கேட்டதை மட்டும் குடுங்க."

அவர் சொன்னது சுத்தமாக இருந்தது. நானே எழுதியிருந்தாலும் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. நாளைக்குக் காரில் சேர்ந்தே போகலாம் என்றார். நான் பஸ்ஸில் வருகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார். எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவரோடு ஒரே காரில் வர எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

தப்பாக நினைக்காதீர்கள், சவரிமேல் எனக்கு இரக்கம் ஒன்றும் கிடையாது. அவன் முகத்தைப் பார்த்தால் இப்போதும் எரிகிறது. இன்றைக்கு அவனும் வருவான். அதிகாரிகள் முன்னால் நிற்பான். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்பார்கள். கையைத் துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், கீபோர்டு, ஒயர் என்று அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வான். அத்தனை பேர் முன்னால் அதை அவன் வாயிலிருந்து இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது.

அணைக்கட்டு வந்துவிட்டது. இங்கே ஐந்து நிமிஷம் நிற்கும். இறங்கி உங்கள் இலைக்குக் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு வாருங்கள்.

பட்டியலா? அது என் பையில் இருக்கிறது. ஏழு மாதத்தில் மூன்று லட்சத்து இரண்டாயிரத்துச் சொச்சம் வரி, அதற்கு முன்னால் ஆடியில் பதினோரு நாள். நேற்று மத்தியானம் உட்கார்ந்து, நீக்கியவர் என்ற கட்டத்தில் தானியங்கி என்று இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன்.